பாகவதரின் விடுதலையையும் சொல்லுங்கள்

பட்டிமன்றங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பள்ளி, கல்லூரி விழாக்களிலும் பேசிவரும் சொற்பொழிவாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிலையாமை பற்றியோ ஆணவம் பற்றியோ பேசும்போது உங்களில் பலர் தவறாமல் எடுக்கும் ஒரு பெயர் உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டதில் தொடங்குவீர்கள். அவர் போன இடமெல்லாம் கூட்டம் கூடியதைச் சொல்வீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, கொலை வழக்கு, சிறை, ஓடாத படங்கள், வியாதி, வெறுங்கை என்று ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வருவீர்கள். கூட்டம் ‘உச்’ கொட்டும். “ஆகவே அன்பர்களே” என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவீர்கள். மொத்தம் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் அவர் பாடிய ஒரு பாட்டு இருக்காது. நீதிமன்றம் அவரை விடுவித்தது என்ற செய்தி, பெரும்பாலும், இருக்காது.

இந்த மடல் அதற்காகத்தான். உங்களில் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. தமிழ்நாட்டில் நூல் வாசிக்காத கோடிப் பேருக்கு வரலாற்றையும் இலக்கியத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தது மேடைதான். ஒரு மனிதரைப் பற்றி மேடையில் சொல்லப்படுவது அப்படியே ஊரின் நினைவாகிவிடுகிறது. இன்று முப்பது வயதுள்ள ஒருவருக்கு பாகவதரைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால், அது உங்களிடம் கேட்டதாகவே இருக்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த வழக்கு.

சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்றும் பிறகு ‘இந்து நேசன்’ என்றும் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையர், பணக்காரர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தை எழுதுவதே அதன் தொழில். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரிப் பக்கம் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். அவர் எழுதியது எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அதற்குக் கத்தி பதிலாகாது. செத்தவரும் ஒரு மனிதர். பாகவதர் மீது எனக்குள்ள அன்பு இதைச் சொல்வதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றம்சாட்டப்பட்டார்; அவர் விசாரணையிலேயே விடுபட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளோடு நடந்த விசாரணை அது. ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றார்கள். 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அதே ஆண்டு மேல்முறையீடு தள்ளுபடி. உங்கள் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது.

வழக்கு அங்கே நிற்கவில்லை. அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. வி.எல். எத்திராஜ் வாதாடினார். இன்று சென்னையில் பெண்கள் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் அதே எத்திராஜ்தான். நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் விசாரித்து, 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தார்கள். கருணை மனுவால் வெளியே வந்தவர்கள் இல்லை அவர்கள். தண்டனைக் குறைப்பும் இல்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது.

ஒரு மனிதர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டுக் குற்றமற்றவராக வெளியே வந்தால், அந்தக் கதையின் நீதி என்னவாக இருக்க வேண்டும்? அரசும் விசாரணை முறையும் ஒரு கலைஞனின் நல்ல காலத்தைப் பறித்துக்கொண்டன என்பதுதானே? நீங்கள் சொல்லும் நீதி அவர் தலையில் விழுகிறது. ஆணவம் அவரை வீழ்த்தியது என்கிறீர்கள். குற்றமே செய்யாதவன் சிறை போனதற்குக் காரணம் அவன் தங்கத் தட்டில் சாப்பிட்டதுதான் என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. அவர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை என்பதையாவது அந்தத் தட்டோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். என்.எஸ். கிருஷ்ணன் அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே தீர்ப்பில் வெளியே வந்தவர். வந்த பிறகு அவர் ஓய்ந்துபோகவில்லை. 1949இல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் நடித்தார். ‘மணமகள்’, ‘பணம்’ என்று படங்களை இயக்கினார். 1957இல் இறக்கும் வரை கலைவாணர் என்ற பெயர் குன்றவில்லை. சிறை ஒன்று, பின்கதை இரண்டு. விதியோ சாபமோ இருவரையும் பிரித்துப் பார்த்தது என்று சொல்வீர்களா? பாகவதரின் பின்னாள் படங்கள் ஏன் ஓடவில்லை என்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொன்னால் ஆணவக் கதையைவிட அது சுவையாக இருக்கும். கேளுங்கள்.

பாகவதர் 1910 மார்ச் 1ஆம் தேதி மாயவரத்தில் பிறந்தார். வளர்ந்தது திருச்சியில். படிப்பில் மனம் போகவில்லை, பாட்டில் போனது. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிப்போய்க் கடப்பையில் பாடிக்கொண்டிருந்தவரை அப்பா தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார் என்பது குடும்பக் கதை. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர், ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர், அந்தப் பையனை ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பிறகு வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்கார் முறையாகச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். நாடகத்தில் ராஜபார்ட் என்ற நாயக வேடம், கச்சேரி மேடையில் பாகவதர். இரண்டு பயிற்சியும் ஒரே தொண்டையில் சேர்ந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

ஸ்பெஷல் நாடகக் காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். அதனால் ராஜபார்ட் என்றால் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாட வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா அதில் சிகரம். 1933இல் இருபத்தேழு வயதில் அவர் போய்விட்டார். அந்த வெற்றிடத்துக்குள் வந்தவர் பாகவதர். அடுத்த ஆண்டே சினிமா.

1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’. பாகவதர் அர்ச்சுனன், எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடி. இருவருமே ஏற்கெனவே இந்த நாடகத்தில் மேடையில் நடித்தவர்கள். படத்தில் ஐம்பது பாட்டுக்குக் குறையாது. அடையாறு மீனாட்சி சினிடோனில் படப்பிடிப்பு. மேலே கூரை இல்லை, வெயில்தான் விளக்கு. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். பின்னணி என்ற ஏற்பாடே இல்லாத நாள் அது. கேமரா ஓடும்போதே நடித்துக்கொண்டு பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு இலைகளுக்காக வந்து கூடும் காகங்களின் கத்தல் ஒலிப்பதிவில் விழுந்துவிடும் என்று அவற்றை விரட்டவே ஓர் ஆள் வைத்திருந்தார்கள் என்று அந்தக்காலத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் சுருதி விலகாமல், முகம் சுளிக்காமல் பாடி, அதை ஒரே டேக்கில் முடிப்பது எவ்வளவு கஷ்டம்! பாட்டு முடியும் இடத்தில் பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் மேடையில் வந்து உட்காரும் மாணவர்களுக்கு ஏதாவது பாடம் சொல்ல வேண்டும் என்றால், இதைச் சொல்லலாம்.

1937இல் இரண்டு படங்கள். ஒய்.வி. ராவ் இயக்கிய ‘சிந்தாமணி’, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’. டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் எழுதியவர் இளங்கோவன், தமிழ் சினிமாவில் வசனத்துக்காகப் பேசப்பட்ட முதல் ஆள். இரண்டு படங்களும் ஓடிய ஓட்டம் அதற்கு முன் தமிழ்நாடு பார்க்காதது. சிந்தாமணியில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்று பெயரும் வைத்தார்கள். மதுரைக்காரர்களுக்கு அந்த இடத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1939இல் ‘திருநீலகண்டர்’, 1941இல் ‘அசோக்குமார்’, 1943இல் ‘சிவகவி’.

இந்தப் படங்களில் பலவற்றின் பாட்டுக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்: பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன், பாகவதர். சிவனின் தமிழ், சங்கீதத்துக்குள் கரைந்து நிற்கும். ராமநாதனுக்கு ராகத்தைக் குலைக்காமல் அதை மெட்டாக்கத் தெரியும். பாகவதர் அதைத் தெருவில் போகிறவன் வாயிலும் உட்காரும்படி பாடுவார். சிவகவியில் விஜயநாகரி ராகத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. முத்தையா பாகவதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்த ராகத்தை அன்றைக்குக் கச்சேரி மேடையிலேயே எத்தனை பேர் பாடியிருப்பார்கள்? ராகத்தின் பெயர் தெரியாத லட்சக்கணக்கான பேர் அதை முணுமுணுத்துக்கொண்டு ஏர் ஓட்டினார்கள், மாவாட்டினார்கள், வண்டி கட்டினார்கள். சாருகேசி என்றால் இன்றும் பாதித் தமிழ்நாட்டுக்கு ஹரிதாஸில் அவர் பாடியதுதான் முதலில் நினைவுக்கு வரும். 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடி, சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாகி, தமிழில் பாடினால் சங்கீதம் ஆகுமா என்று பெரியவர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பாகவதரின் இசைத்தட்டுகள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன. சபா வாசலை மிதிக்காதவர்களுக்கும், மிதிக்க விடப்படாதவர்களுக்கும் கர்நாடக இசை தமிழில் கிடைத்தது. என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

குரலைப் பற்றியும் கொஞ்சம். மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் அதில் நெருக்கல் தெரியாது. பிருகா உதிரும், ஆனால் சொல் உடையாது. ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் கேட்கும். பழைய இசைத்தட்டின் இரைச்சலுக்குள்ளும் ஒவ்வோர் எழுத்தும் விளங்கும். மேடையில் பேசும் நீங்கள் உச்சரிப்பின் அருமை தெரிந்தவர்கள். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்பாருங்கள்.

இப்போது ‘ஹரிதாஸ்’. சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கம். போர்க்காலம், கச்சாப் பிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்திருந்ததால் முந்தைய படங்களைப் போல நீளவில்லை, கச்சிதமாக வந்தது. 1944 தீபாவளிக்கு வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று நீங்களும் சொல்வீர்கள். அந்த மூன்று தீபாவளிகளை வழக்கின் தேதிகளோடு ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

படம் வந்து மூன்று வாரத்தில் லட்சுமிகாந்தன் குத்தப்படுகிறார். அதே ஆண்டு முடிவதற்குள் கதாநாயகன் சிறையில். 1945இல் ஆயுள் தண்டனை. இரண்டாவது தீபாவளி வந்தபோது அவர் தண்டனைக் கைதி. மூன்றாவது தீபாவளிக்கும் உள்ளேதான். வெளியே பிராட்வேயில் அவர் பாடிக்கொண்டிருந்தார், ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூரிகள் குற்றவாளி என்று சொன்ன மனிதரை, அந்தச் சென்னைக் கூலிக்காரர்களும் குமாஸ்தாக்களும் வீட்டுப் பெண்களும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள், கேட்டார்கள். எத்திராஜ் வாதாடி முடிப்பதற்கு முன்பே அவர்கள் தங்கள் தீர்ப்பைக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தினசரியும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்பது வருஷம் கழித்து, தீர்ப்பு முழுவதும் கைக்குக் கிடைக்கும் நாளில் பேசும் நாம், அவர்களுக்கு இருந்த நியாய உணர்வில் பாதியாவது காட்ட வேண்டாமா?

சிறையால் கைநழுவிப்போன படங்கள் பல. ‘உதயணன்’ பாகவதருக்காகப் பேசப்பட்ட படம்; அவர் கைதான பின் ஜி.என். பாலசுப்பிரமணியம் அதில் நடித்தார். சங்கீத உலகில் ஜி.என்.பி. எவ்வளவு பெரியவர் என்பது தெரியும். பாகவதர் விட்ட இடத்துக்கு அவரைத்தான் தேட வேண்டியிருந்தது.

1947இல் வெளியே வந்த பாகவதர் சொந்தப் படம் எடுத்தார். ‘ராஜமுக்தி’. புனேயில் படப்பிடிப்பு. வி.என். ஜானகியும் பி. பானுமதியும் நடித்தார்கள். இளம் எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார். அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் புனே போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். படம் ஓடவில்லை. 1952இல் ‘அமரகவி’, ‘சியாமளா’. 1957இல் அவரே இயக்கிய ‘புதுவாழ்வு’. இவையும் பழைய ஓட்டம் ஓடவில்லை.

இது ஏன் என்று கேட்டால் நீங்கள் ‘காலச்சக்கரம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சக்கரத்தைச் சுழற்றியது என்ன என்று சொல்ல முடியும். 1938இல் ஏவி. மெய்யப்பன் ‘நந்தகுமா’ரில் ஒருவர் நடிக்க வேறொருவர் பாடும் வழியைக் காட்டினார். பாகவதர் சிறையில் இருந்த காலத்திலும் அதற்குப் பின்னும் அந்த வழி பொதுவழியாகிவிட்டது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம் என்றானது. இன்னொரு பக்கம் வசனம் எழுந்தது. 1949இல் ‘வேலைக்காரி’, 1950இல் ‘மந்திரிகுமாரி’, 1952இல் ‘பராசக்தி’. மக்கள் இப்போது பாட்டுக்காக மட்டும் இல்லை, பேச்சுக்காகவும் தியேட்டருக்கு வந்தார்கள். சுதந்திரம் வந்துவிட்ட நாட்டில் சமூகத்தைப் பற்றிய சண்டையைத் திரையில் கேட்க ஆசைப்பட்டார்கள். புராணக் கதைக்கும் பக்தர் கதைக்கும் இருந்த இடம் சுருங்கியது. கர்நாடக ராகங்களில் நின்று பாடும் பாட்டு, படத்தின் ஓட்டத்தைத் தடுப்பதாகத் தோன்றத் தொடங்கியது.

அந்த மாறுதல் பாகவதர் ஒருவரை மட்டும் தாக்கவில்லை. அவருக்குச் சரிசமமாக நின்ற பி.யு. சின்னப்பா 1951இல் முப்பத்தைந்து வயதில் போனார். டி.ஆர். மகாலிங்கம் ‘ஸ்ரீவள்ளி’யிலும் ‘நாம் இருவ’ரிலும் கொடிகட்டிப் பறந்துவிட்டுச் சொந்தப் படங்களால் கடனில் மூழ்கினார், 1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’தான் அவரை மறுபடி கொண்டுவந்தது. பாடி நடித்தவர்கள் என்ற ஒரு வகையே முடிவுக்கு வந்தது. இதைத் தனிமனிதனின் ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனையாகச் சொல்வது வரலாற்றுக்கே செய்யும் அநியாயம்.

ஆனால் அவர் பாடிய முறை செத்துப்போனதா? மதுரையிலிருந்து வந்த டி.எம். சௌந்தரராஜன் 1950இல் ‘கிருஷ்ண விஜய’த்தில் பாடிய முதல் பாட்டைக் கேளுங்கள், பாகவதரே பாடுகிறாரோ என்று தோன்றும். அந்தத் தொண்டை பிறகு தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் குரலானது. பாகவதருக்கு மெட்டுப் போட்ட ஜி. ராமநாதன் அதே கையால் ‘தூக்குத் தூக்கி’க்கும் ‘உத்தமபுத்திர’னுக்கும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்கும் மெட்டுப் போட்டார். பாடுகிறவரே நடிக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும்தான் போனது. பாகவதரின் பாட்டு வேறு பேர்களில், வேறு முகங்களுக்குப் பின்னால், இன்னும் முப்பது வருஷம் தியேட்டர்களில் ஒலித்தது.

அவருடைய கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் சொல்லும் கதைகளில் சில எனக்குத் தாங்கவே முடியாதவை. கண் தெரியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார், யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துக் காசு போட்டார்கள் என்ற வகைக் கதைகள். ஒவ்வொரு மேடையிலும் கோயிலின் பெயர் மாறுகிறது. அவருக்கு நீரிழிவு இருந்தது. அதனால் உடம்பு தளர்ந்தது. வியாதி வருவது பாவத்தின் சம்பளம் என்று நம் ஊரில் எந்த நோயாளியின் முகத்துக்கு நேராகவும் நாம் சொல்ல மாட்டோம். இறந்துபோனவர் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். உங்கள் கூட்டத்தில் சர்க்கரை வியாதியால் கண்பார்வை மங்கிய பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாகவதர் கடைசிவரை பாடியவர். 1959 அக்டோபரில் கூடப் பொள்ளாச்சியில் கச்சேரி செய்தார். நவம்பர் 1ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நடித்துக்கொண்டிருந்த படம் ‘சிவகாமி’ அடுத்த ஆண்டு வந்தது. அதைச் சேர்த்து மொத்தம் 14 படங்கள்: சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. இருபத்தைந்து வருஷத்தில் பதினாலே படம் நடித்த ஒருவரை, தலைமுடியைப் பாகவதர் கிராப்பாக வளர்த்த ஒரு தலைமுறையே பின்பற்றியது. இத்தனை குறைவாக நடித்து இத்தனை ஆழமாக ஒரு மக்களின் காதில் இறங்கிய இன்னொருவரைத் தமிழ் சினிமாவில் காட்டுங்கள்.

நீங்கள் கேட்கலாம்: “கூட்டத்துக்கு ஏற்றமும் இறக்கமும் உள்ள கதைதான் பிடிக்கிறது. நிலையாமையைச் சொல்ல வேறு யாரைச் சொல்வது?” நியாயமான கேள்வி. நிலையாமையைச் சொல்ல நம்மிடம் பட்டினத்தாரும் நாலடியாரும் இருக்கிறார்கள். மன்னர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தப்பு செய்து அகப்பட்டவர்களுக்கும் பஞ்சமில்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கியவரைப் பாடமாக்கும்போது, கேட்கும் பிள்ளை மனதில் வேறு ஒன்று பதிகிறது: கைதானால் குற்றவாளிதான், பேர் கெட்டால் அதற்குக் காரணம் இருக்கும், விழுந்தவன் விழத் தகுந்தவன். நாளைக்கு அந்தப் பிள்ளையின் தெருவில் யாரோ ஒருவர் பொய் வழக்கில் மாட்டினால், இந்த எண்ணத்தோடுதான் அவரைப் பார்க்கும். மேடையில் விதைப்பது அவ்வளவு தூரம் போகும்.

இறக்கத்தையே சொல்ல வேண்டும் என்றால் அதையும் முழுதாகச் சொல்லுங்கள். உச்சியில் இருந்த ஒருவர் தாம் செய்யாத குற்றத்துக்காகச் சிறை போனார், அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போராடினார், வென்று வந்தார், வந்தபோது உலகம் மாறியிருந்தது, மாறிய உலகத்திலும் தெரிந்த ஒரே வேலையை, பாடுவதை, உடம்பு விடும்வரை செய்தார். இதில் எங்கே ஐயா ஆணவம்? இதைக் கேட்டுக் கூட்டம் ‘உச்’ கொட்டாமல் போகலாம். கை தட்டும்.

திருச்சியில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் பேசப்போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி அமைப்பாளரிடம் சொல்லி, நீங்கள் பேசி முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஹரிதாஸோ, சிவகவியோ, எதுவானாலும் சரி. மூன்று நிமிஷம்தான். உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை அந்தப் பாட்டைத் தேடிக் கேட்குமானால், அவரைப் பற்றி நீங்கள் பேசியதற்கு அர்த்தம் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். அடுத்த மேடையில் அந்தப் பெயரை எடுக்கும்போது, ‘கொலை வழக்கு’ என்ற சொல்லை உச்சரித்த அதே மூச்சில், 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பவன்